ப்ரூஸ் டிக்கின்சன் சோலோ ஆல்பங்கள்: நம்ம பசங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகள்

மதுரை கோரிப்பாளையத்துல ஒரு டீக்கடை வாசல்ல ஞாயித்துக்கெழம சாயங்காலம் நாங்க ஏழெட்டுப் பேர் கூடுவோம். பாதிப்பேர் கேசட் காலத்துலருந்து ராக், மெட்டல் கேக்குறவங்க, மீதிப்பேர் போன்ல கேட்டுப் பழகுன பசங்க. இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டன் பத்திப் பேசுனா யாருக்கும் தகராறு கெடையாது, ஆனா அதுல பாடுற ப்ரூஸ் டிக்கின்சன் தனியாப் போட்ட ஆல்பங்கள்னு ஒருத்தன் வாயத் தொறந்தா போதும், கையில இருக்க டீ ஆறிப்போயிரும். புதுசா ஒரு தம்பி வந்து சேந்தா மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கணும். அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுட்டேன், கேள்விய மட்டும் அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டுருக்கேன்.

அண்ணே, இவரு மெய்டன் பாடகரா, தனிப் பாடகரா? எனக்கு ரெண்டும் கொழம்புது.

ரெண்டும்தான் தம்பி. 1958ல இங்கிலாந்துல பொறந்தவரு. சாம்சன்னு ஒரு பேண்ட்ல பாடிக்கிட்டு இருந்தவர 1981ல மெய்டன் கூப்புட்டுக்கிச்சு, அடுத்த வருஷம் வந்த நம்பர் ஆஃப் த பீஸ்ட் ஆல்பத்துலருந்து அந்தக் குரல் உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு. 1993ல பேண்ட விட்டு வெலகுனாரு, 1999ல திரும்பி வந்தாரு. இந்த ஆறு வருஷத்தக் கெட்டியா ஞாபகம் வச்சுக்கங்க, கீழ வர்ற பாதிச் சண்டைக்குக் காரணம் இந்த ஆறு வருஷம்தான்.

மொத்தம் எத்தன ஆல்பம்? எதுல ஆரம்பிச்சா நல்லது?

ஸ்டுடியோ ஆல்பம் ஏழு. டாட்டூட் மில்லியனர் 1990, பால்ஸ் டு பிக்காசோ 1994, ஸ்கங்க்வொர்க்ஸ் 1996, ஆக்சிடெண்ட் ஆஃப் பர்த் 1997, த கெமிக்கல் வெட்டிங் 1998, டிரனி ஆஃப் சோல்ஸ் 2005, த மாண்ட்ரேக் ப்ராஜெக்ட் 2024. நடுவுல 2001ல ஒரு தொகுப்பும் வந்துச்சு.

மெய்டன் ஏற்கனவே புடிச்ச ஆளா இருந்தா ஆக்சிடெண்ட் ஆஃப் பர்த்ல ஆரம்பிங்க, சொந்த வீட்டுக்குள்ள நொழைஞ்ச மாதிரி இருக்கும். மெய்டனே கேக்காத ஆளுன்னா பால்ஸ் டு பிக்காசோவோட கடைசிப் பாட்டு டியர்ஸ் ஆஃப் த டிராகன், அத ஒரு தடவ கேட்டுட்டு வாங்க. கெமிக்கல் வெட்டிங் எனக்கு உசுரு, ஆனா மொத நாளே அதக் கையில குடுக்க மாட்டேன், கொஞ்சம் கனமான சாப்பாடு அது.

பேண்ட்ல இருக்கும்போதே எதுக்கு தனி ஆல்பம் போட்டாரு? அப்பவே சண்டையா?

மொத ஆல்பத்துக்குப் பின்னால சண்டை ஒண்ணும் இல்ல. எல்ம் ஸ்ட்ரீட் பேய்ப்பட வரிசைல அஞ்சாவது படத்துக்கு ஒரு பாட்டு வேணும்னு 1989ல கேட்டாங்க, இவரு கிட்டார் வாசிக்கிற ஜானிக் கெர்ஸக் கூட்டிக்கிட்டு ப்ரிங் யுவர் டாட்டர்ங்கிற பாட்டப் போட்டுக் குடுத்தாரு. அது நல்லா வந்துருச்சு, அப்டியே ஒரு ஆல்பமே பண்ணுங்கன்னு கம்பெனிக்காரங்க சொல்ல, டாட்டூட் மில்லியனர் வந்துச்சு. ஜாலியான ராக் அண்ட் ரோல் ஆல்பம், மெய்டன் மாதிரி குதிர ஓட்டமெல்லாம் இருக்காது, அதத் தேடிப்போனா ஏமாந்துருவீங்க.

ஆனா அந்த ஒரு சின்ன வேலையால என்னென்ன நடந்துச்சுன்னு பாருங்க. மெய்டனோட தலைவர், பேஸ் கிட்டார் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸ் அந்தப் பேய்ப்படப் பாட்டக் கேட்டுட்டு இது நம்ம பேண்டுக்கு வேணும்னு வாங்கிட்டாரு. மறுபடி ரெக்கார்ட் பண்ணி வெளியிட்டாங்க, 1991 ஜனவரில இங்கிலாந்துல நம்பர் ஒன், மெய்டனுக்கு அங்க கெடச்ச ஒரே நம்பர் ஒன் சிங்கிள் அதுதான். அதே சமயத்துல 1990ல மெய்டன்லருந்து கிட்டார் வாசிச்ச ஏட்ரியன் ஸ்மித் வெலக, அந்த எடத்துக்கு வந்தது யாரு? இந்த சோலோ ஆல்பத்துல வாசிச்ச ஜானிக் கெர்ஸ்தான். சோலோ ஆல்பம்லாம் ஓரமா நடந்த வேலன்னு யாராச்சும் சொன்னா இதச் சொல்லுங்க.

பால்ஸ் டு பிக்காசோல ஒரே ஒரு பாட்டுதான் தேறும்ங்கிறாங்களே, உண்மையாண்ணே?

டியர்ஸ் ஆஃப் த டிராகன் அவ்வளவு ஒசரத்துல நிக்கிறதால மத்ததெல்லாம் குள்ளமாத் தெரியுது, அவ்வளவுதான். சைக்ளோப்ஸ் கேளுங்க, லாஃபிங் இன் த ஹைடிங் புஷ் கேளுங்க, சேஞ்ச் ஆஃப் ஹார்ட் கேளுங்க. ரெண்டு தடவ வேற வேற ஆளுங்கள வச்சு ரெக்கார்ட் பண்ணி, ரெண்டும் மனசுக்கு ஒட்டாம ஓரமா வச்சுட்டு, மூணாவதா லாஸ் ஏஞ்சலஸ்ல ட்ரைப் ஆஃப் ஜிப்சீஸ்ங்கிற லத்தீன் ராக் பேண்ட் ஆளுங்களோட சேந்து முடிச்ச ஆல்பம் இது. அந்த பேண்டோட கிட்டார் ஆள்தான் ராய் ஸீ. இந்தப் பேரையும் ஞாபகம் வச்சுக்கங்க. ரெண்டு வேல தூக்கிப் போட்டதோட தழும்பு ஆல்பத்துல தெரியும்தான், ஒரு பாட்டு ஒரு பக்கம் இழுக்கும், அடுத்தது வேற பக்கம் இழுக்கும், அத நான் மறைக்கல.

டியர்ஸ் ஆஃப் த டிராகன் பத்தி என் கதை ஒண்ணு. 90கள்ல மதுரைல வெளிநாட்டு ராக் கேசட் சுலபமாக் கெடைக்காது, டவுன்ல ரெக்கார்டிங் கடைல காலிக் கேசட்டக் குடுத்துட்டு வரணும், நாலு நாள் கழிச்சு வாங்கணும். 90 நிமிஷ கேசட்டுல ஒரு பக்கம் இந்த ஆல்பம், மறுபக்கம் வேறன்னு குடுத்தேன். ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம்தான், ஆல்பம் அதவிடக் கொஞ்சம் நீளம், அதுவும் இது கடைசிப் பாட்டு. நடுவுல ரெகே மாதிரி தாளம் மாறி, கிட்டார் ஏறி, மறுபடி அந்தப் பல்லவிக்கு வரப்போற எடத்துல டேப் டக்குனு தீந்துரும். வருஷக்கணக்கா எனக்கு அந்தப் பாட்டு அங்கதான் முடிஞ்சுச்சு. பின்னால ஒரு நாள் சிடில முழுசாக் கேட்டப்ப, அந்தக் கடைசிப் பல்லவி வந்து எறங்குன எடத்துல கண்ணுல தண்ணி வந்துருச்சு. பயத்த விட்டுட்டுக் குதிக்கிறதப் பத்தின பாட்டு அது, பேண்ட விட்டு வந்த ஆள் எழுதுனது, பாட்டும் வரியும் முழுக்க அவரே.

2025ல இந்த ஆல்பத்த மறுபடி மெருகேத்தி, புதுசா சிலது சேத்து வெளியிட்டாங்க. நல்லாத்தான் இருக்கு, ஆனா மொதல்ல பழசக் கேளுங்க.

ஸ்கங்க்வொர்க்ஸ் கிரஞ்ச் ஆல்பமாமே? மெட்டல் கேக்குறவன் எதுக்கு அதக் கேக்கணும்?

எங்க டீக்கடைல அதிகமாத் திட்டு வாங்குன ஆல்பம் இது, நான் அதிகமா வக்காலத்து வாங்குறதும் இதுக்குத்தான். கிரஞ்ச்னா 90கள்ல அமெரிக்காலருந்து கெளம்புன, மெருகு இல்லாத கரடுமுரடு ராக். தயாரிச்சது ஜாக் எண்டினோ, அந்தப் பாணில பேர் வாங்குன நிர்வானா பேண்டோட மொத ஆல்பத்த ரெக்கார்ட் பண்ணவரு, அதனாலதான் கிரஞ்ச்ங்கிற பேரு ஒட்டிக்கிச்சு. பாட்டெல்லாம் சின்னச் சின்னது, அலங்காரம் இல்ல, கிட்டார் காஞ்ச வெறகு மாதிரி ஒலிக்கும். இவரு இத சோலோ ஆல்பம்னே நெனைக்கல, ஸ்கங்க்வொர்க்ஸ்ங்கிறத ஒரு பேண்ட் பேராவே வைக்கணும்னு ஆசப்பட்டாரு, அட்டைல தன் பேரு வந்ததே கம்பெனி சொன்னதுக்காக.

இந்த வாத்தியக்காரப் பசங்க, அலெக்ஸ் டிக்சன், கிறிஸ் டேல், அலெஸ்ஸாண்ட்ரோ எலெனா, இவங்களக் கூட்டிக்கிட்டுத்தான் 1994 டிசம்பர்ல போஸ்னியால சண்டை நடந்த சரயேவோவுக்குப் போனாரு. அந்த ஊரச் சுத்தி முற்றுகை, குண்டு விழுந்துக்கிட்டு இருக்கு, அதுக்குள்ள போய் அங்க உள்ள சனங்களுக்காகப் பாடிட்டு வந்தாங்க. அதத் தெரிஞ்சுக்கிட்டு இந்த ஆல்பத்துல இனெர்ஷியா, பேக் ஃப்ரம் தி எட்ஜ் ரெண்டையும் கேட்டுப் பாருங்க. குரல்ல வெத்து வீரம் இருக்காது. எனக்குத் தெரிஞ்சு இவரு வேற எந்த ஆல்பத்துலயும் இவ்வளவு நெருக்கமா, பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பாடல.

ஒண்ணு ஒத்துக்கிறேன். ஆல்பத்தோட பின்பாதில ரெண்டு மூணு பாட்டு ஒண்ணு போலவே இருக்கும். பத்துப் பாட்டோட நிறுத்திருந்தா இன்னிக்கு இதத் தூக்கி வச்சுக் கொண்டாடிருப்பாங்க.

ஆக்சிடெண்ட் ஆஃப் பர்த்ல ஏட்ரியன் ஸ்மித் வந்துட்டாரு, அப்பறம் அது எப்படிண்ணே சோலோ? அது மெய்டன் ஆல்பந்தானே?

பாதி ஞாயம் இருக்கு. மெய்டன விட்டு 1990ல போன ஏட்ரியன் ஸ்மித், 1993ல போன ப்ரூஸ், ரெண்டு பேரும் 1997ல இங்க சேந்துட்டாங்க. அட்டைப்படம் வரஞ்சது டெரிக் ரிக்ஸ், மெய்டன் அட்டைல வர்ற எடி பொம்மைய உருவாக்குன அதே ஆள். வயித்தக் கிழிச்சுக்கிட்டு வெளிய வர்ற ஒரு கோமாளி பொம்மை, பேரு எடிசன். எடியோட சன், அதாவது எடி மகன்னு அர்த்தம் வர்ற மாதிரி வச்ச பேரு. இவ்வளவும் இருக்கும்போது மெய்டன் வாடை அடிக்காம எப்படி இருக்கும்.

ஆனா காதக் குடுத்துக் கேட்டா வித்தியாசம் தெரியும். மெய்டன்ல பாட்ட முன்னால இழுத்துக்கிட்டுப் போறது ஸ்டீவ் ஹாரிஸோட பேஸ், டகடக டகடகன்னு. இங்க அது கெடையாது. ராய் ஸீயோட கிட்டார் கீழ கனமாப் படுத்துக்கிடும், அதுமேல குரல் நிதானமா நடந்து வரும். டார்க்சைட் ஆஃப் அக்வேரியஸ் கிட்டத்தட்ட ஏழு நிமிஷம், அவசரமே இல்லாம கட்டடம் எழுப்புற மாதிரி எழுப்புவாங்க. ஆர்க் ஆஃப் ஸ்பேஸ்ல கிட்டாரும் வயலின் வகையறாவும் மட்டும். இத மெய்டன் பண்ணிருக்காதுங்கிறது என் கணக்கு.

கெமிக்கல் வெட்டிங் முழுக்க வில்லியம் பிளேக் கவிதையாமே. நமக்கு அதெல்லாம் தெரியாது, கேட்டா புரியுமா?

எனக்கும் மொத தடவ ஒண்ணும் புரியல, ஆனா புடிச்சுச்சு. பிளேக் 1757ல பொறந்து 1827ல எறந்துபோன இங்கிலீஷ் கவிஞர், ஓவியரும்கூட. தரிசனம் கண்டு எழுதுற ஆளு, நம்ம சித்தர் பாட்டுப் படிச்சுப் பழகுனவனுக்கு அவரு ஒண்ணும் அந்நியமில்ல. ரசவாதம், உள்ளுக்குள்ள நடக்குற மாத்தம், இதெல்லாம் நம்மாளுங்களும் பாடுனதுதான். ஆல்பத்தோட அட்டையே பிளேக் வரஞ்ச ஒரு தெள்ளுப்பூச்சியோட ஆவி. நடுநடுவுல கணீர்னு பிளேக்கோட வரியப் படிக்கிற குரல் ஆர்தர் பிரவுன்ங்கிற இங்கிலீஷ் ராக் பாடகரோடது. ஜெருசலேம்ங்கிற பாட்டோட வரி பிளேக்கோடது, இங்கிலாந்துல அதுக்கு ஏற்கனவே ஒரு புகழ்பெற்ற மெட்டு இருக்கு, 1916ல போட்டது, இவரு அத விட்டுட்டு சொந்த மெட்டுல கட்டிருக்காரு.

ஆனா கவிதைய ஒதுக்கிட்டு வெறும் சத்தத்த மட்டும் வச்சுப் பேசுனாலும் ஏழுல இதுதான் ஒசத்தி. கிட்டார் ஒலி அவ்வளவு அடர்த்தி, சித்திர மாசம் அழகர் ஆத்துல எறங்குறப்ப வைகைப் பாலத்துக்குக் கீழ கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா எப்படி நாலாப்பக்கமும் நெருக்குமோ அப்படி நெருக்கும். அதுக்குள்ளருந்து புக் ஆஃப் தெல் பாட்டுல குரல் மேல ஏறி வரும் பாருங்க. த டவர் கேளுங்க, மெட்டு ஒரே தடவைல மனசுல ஒட்டிக்கிரும்.

1998ல மெய்டன் போட்ட ஆல்பத்தவிட இது நல்லாருந்துச்சுங்கிறது அவங்களுக்குப் பண்ற துரோகம் இல்லையா?

இதச் சொல்லித்தான் ஒரு அண்ணன் ரெண்டு மாசம் எங்க பக்கம் வராம இருந்தாரு. 1998ல மெய்டன் போட்டது வர்ச்சுவல் லெவன், பாடுனது பிளேஸ் பேய்லி. பேய்லிய நான் கொற சொல்ல மாட்டேன். அவரு குரல் கீழ் சுருதிக்குப் பொருந்துற குரல், ப்ரூஸுக்குன்னு கட்டுன ஒசரத்துல நிக்கவச்சு பழைய பாட்டையெல்லாம் பாடச் சொன்னா யாரா இருந்தாலும் தெணறத்தான் செய்வாங்க. ஆனா ரெண்டு ஆல்பத்தையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுக் கேட்டா கெமிக்கல் வெட்டிங்தான் முன்னால நிக்குது, இதச் சொல்றதுக்கு மெய்டன் ரசிகன் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த வருஷமே ப்ரூஸும் ஏட்ரியனும் ஒண்ணாவே மெய்டனுக்குத் திரும்புனாங்க, 2000ல பிரேவ் நியூ வேர்ல்டு வந்துச்சு. மேல மூணாவது பதில்ல சொன்ன ஜானிக் கெர்ஸும் அங்கயே இருந்தாரு, அதனாலதான் மெய்டனுக்கு மூணு கிட்டார். ஒருத்தரு மொத சோலோ ஆல்பம் வழியா உள்ள போனவரு, இன்னொருத்தரு சோலோ பேண்ட் வழியாத் திரும்பி வந்தவரு. இன்னிக்கு நீங்க கேக்குற மெய்டன் பாதி இந்த ஆல்பங்களோட புண்ணியம்.

எல்லாத்தையும் ராய் ஸீதான் பண்ணாருங்கிறாங்களே, அப்ப ப்ரூஸுக்கு என்ன பெருமை?

நம்ம ஊரு ஸ்பெஷல் நாடகத்த வச்சுச் சொன்னாத்தான் இது வெளங்கும். கம்பெனி நாடகம்னா ஒரே குழு, ஒரே ஒத்திகை, ஆள் மாறாது. ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட்ட ஒரு ஊர்லருந்து பேசி விடுவாங்க, ஸ்திரீபார்ட்ட இன்னொரு ஊர்லருந்து, ஆர்மோனியம் வேற ஆள். அன்னிக்கு ராத்திரி மேடைலதான் எல்லாரும் சந்திப்பாங்க. எங்க அப்பா மேலூர்ப் பக்கம் திருவிழாக்கு வள்ளி திருமணம் பாக்கக் கூட்டிட்டுப் போவாரு. அதே ராஜபார்ட், அதே பாட்டு, ஆனா ஆர்மோனியக்காரரு யாருங்கிறதப் பொறுத்து ஒரு ராத்திரி பறக்கும், இன்னொரு ராத்திரி தரையிலயே நடக்கும். நல்ல ஆர்மோனியக்காரரு பாடுறவர ஒரு கட்டை மேல தூக்கி நிறுத்துவாரு, பாடுறவரு அங்க நின்னு காட்டணும்.

மெய்டன் கம்பெனி நாடகம். சோலோ ஆல்பம் ஸ்பெஷல் நாடகம். அதனால ஒவ்வொரு ஆல்பத்தையும் கேக்குறப்ப பக்கத்துல நிக்கிறது யாருன்னு மொதல்ல பாருங்க. ஜானிக் கெர்ஸ் நின்னா ஒரு ப்ரூஸ், ஜாக் எண்டினோ நின்னா வேற ப்ரூஸ், ராய் ஸீ நின்னா இன்னொரு ப்ரூஸ். ராய் ஸீக்கு முழுப் பெருமையும் குடுங்க, நான் மறுக்கல, ஆனா அந்த ஒசரத்துல போய் நின்ன குரல் யாரோடது?

2001 தொகுப்பு ஒண்ணு மட்டும் கேட்டாப் போதாதா?

போதாது. அதுல புதுசா ரெண்டு பாட்டு இருக்கு, ப்ரோக்கன், சில்வர் விங்ஸ், அதுக்காகக் கேளுங்க. ஆனா கெமிக்கல் வெட்டிங்லருந்து ரெண்டு பாட்டப் பிச்சு எடுத்துக் கேக்குறது சரிப்படாது.

இஃப் எடர்னிட்டி ஷுட் ஃபெயில் மெய்டன் ஆல்பத்துல இருக்கு, அதே மாதிரி ஒண்ணு மாண்ட்ரேக்லயும் இருக்கு. யாரு யாரக் காப்பியடிச்சது?

யாரும் அடிக்கல. ப்ரூஸ் தன் சோலோ ஆல்பத்துக்காக எழுதி வச்ச பாட்டு அது. ஸ்டீவ் ஹாரிஸ் கேட்டுட்டு 2015ல மெய்டனோட புக் ஆஃப் சோல்ஸ் ஆல்பத்துக்கு எடுத்துக்கிட்டாரு. ப்ரிங் யுவர் டாட்டர் கதை ஞாபகம் வருதா, அதே கதைதான் 25 வருஷம் கழிச்சு மறுபடி நடந்துருக்கு. மாண்ட்ரேக்ல எடர்னிட்டி ஹேஸ் ஃபெயில்டுன்னு பேர மாத்தி, வரியக் கொஞ்சம் மாத்தி, தன் பங்கத் திரும்ப எடுத்துக்கிட்டாரு. எனக்கு மாண்ட்ரேக்ல உள்ளதுதான் புடிக்கும், இருட்டு அதிகம்.

கேன்சர் வந்த பெறகு குரல் போயிருச்சுங்கிறாங்க. மாண்ட்ரேக் கேக்கலாமா, இல்ல டிரனியோட நிறுத்திக்கலாமா?

டிரனி ஆஃப் சோல்ஸ் 2005ல வந்துச்சு. மெய்டன் டூர்ல இருந்தப்ப ராய் ஸீ இசையப் பதிவு பண்ணி அனுப்ப, இவரு அதுக்கு மெட்டும் வரியும் எழுதுனாரு. நேவிகேட் த சீஸ் ஆஃப் த சன் அதுல உள்ள வைரம், ஆல்பமா எடுத்தா கெமிக்கல் வெட்டிங்குக்கு ஒரு படி கீழ. அதுக்குப் பெறகு 19 வருஷம் சோலோ ஆல்பமே கெடையாது. நடுவுல மெய்டன் டூர், விமானம் ஓட்டுறது (பேண்டோட விமானத்த இவரே ஓட்டிக்கிட்டுத்தான் ஊர் ஊராப் போனாரு), 2015ல நாக்குல கேன்சர்னு அறிவிப்பு, அதே வருஷம் மே மாசம் குணமாயிருச்சுன்னு செய்தி.

மாண்ட்ரேக் வந்தப்ப அவருக்கு 65 வயசு. மேல போற எடத்துல முன்ன மாதிரி பளபளப்பு இல்ல, அது உண்மை. ஆனா கீழ் சுருதில ஒரு கனம் வந்துருக்கு, பழைய ஆல்பங்கள்ல அது இல்லவே இல்ல. ரெசரக்‌ஷன் மென், ரெயின் ஆன் த கிரேவ்ஸ் ரெண்டையும் கேட்டுட்டு குரல் போச்சுன்னு சொல்லுங்க பாப்போம்.

பெங்களூர் கச்சேரிக்குப் போனீங்கள்ல, சோலோ பாட்டு ஏதாச்சும் பாடுனாரா?

மெய்டன் மேடைல சோலோ பாட்ட எதிர்பாக்காதீங்க. 2007 மார்ச் 17, பெங்களூர் பேலஸ் கிரவுண்ட், மெய்டன் இந்தியால மொத தடவ. மாட்டுத்தாவணில ராத்திரி பஸ் ஏறி நாலு பேர் போனோம். அங்க வெய்யில்ல வரிசைல நிக்கிறப்ப கேரளாலருந்து வந்த ஒரு பையன் முதுகுல கெமிக்கல் வெட்டிங் படம் போட்ட டீ சர்ட். பேரு கேக்கல, ஊரு கேக்கல, கதவு தொறக்குற வரைக்கும் அவனும் நானும் ஸ்கங்க்வொர்க்ஸ் பத்தியே பேசிக்கிட்டு நின்னோம். அவனுக்கும் அது புடிக்கும்.

சொனாட்டா பாட்டு பத்து நிமிஷத்துக்கு இழுக்குதுண்ணே, எனக்குத் தூக்கம் வருது. என்னதான் இருக்கு அதுல?

மாண்ட்ரேக்கோட கடைசிப் பாட்டு. வண்டி ஓட்டிக்கிட்டுப் போறப்பக் கேட்டா எனக்கும் ஒட்டாது. ராத்திரி எல்லாரும் தூங்குன பெறகு வௌக்க அணைச்சுட்டு, ஹெட்போன் மாட்டிக் கேளுங்க. அவரு அதுல பாடுறதவிடப் பேசுற எடம் அதிகம், ஒருத்தன் தனியா உக்காந்து தனக்குள்ள முணுமுணுக்குற மாதிரி, அப்பறம் கிட்டார் வந்து அந்த முணுமுணுப்ப மெதுவாத் தூக்கிட்டுப் போகும். அஞ்சாவது நிமிஷம் வரைக்கும் பொறுங்க. அப்பவும் தூக்கம் வந்தா ஞாயித்துக்கெழம வாங்க, என் ஹெட்போன்ல கேட்டுப் பாப்போம்.